பதினான்கு நிமிட மூச்சு

அத்தியாயம் ஐந்து

மாதா கோயில் கொடிமரத்தின் மேல் ஆணையாக, இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கால்புள்ளி, அரைப்புள்ளிகூட உண்மை. நம்பாதவர்கள் தூத்துக்குடிக்கு வந்து விசாரித்துக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். தப்பான வழிதான் சொல்வார்கள். ஆனால் மரியாதையாகச் சொல்வார்கள்.

நவம்பர் மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. கல்லூரிக்கு எதிரே இருக்கும் ‘செல்வி ஜெராக்ஸ் அண்ட் பைண்டிங்’ கடையில் பேச்சிச்செல்வி ஓர் ஆய்வேட்டின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தாள். ஓட்டப்பிடாரத்துக்காரி. தடவும்போதே படித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. பன்னிரண்டு வருடமாக அந்தக் கல்லூரியின் எல்லா ஆய்வேடுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒரே ஆள் அவள்தான். எழுதியவர்களும் படித்ததில்லை, மார்க் போட்டவர்களும் படித்ததில்லை.

கடையின் பின்பாதி, ஒரு பிளைவுட் தடுப்புக்கு அப்பால், துப்பறியும் கிருபாநிதியின் அலுவலகம். நாசரேத்துக்காரர். சுங்க இலாகாவில் முப்பத்தொரு வருடம் பெட்டி திறந்தவர். ஒருமுறை துறைமுகத்தில் வந்திறங்கிய மர யானை ஒன்றைத் தட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது கடத்தல் ஏலக்காய் என்றும், அது எந்தத் தோட்டத்து ஏலக்காய் என்றும், தோட்டக்காரர் மனைவிக்கு மூட்டுவலி என்றும் சொன்னார். மூன்றும் சரியாக இருந்தன. ஓய்வு பெற்றபிறகு மனிதர்களைத் தட்டிப் பார்க்கிறார். பெரும்பாலும் காலி. அவருக்குச் செல்வி உதவியாள். சம்பளம் கிடையாது, அதனால் வாய் உண்டு.

“செல்வியக்கா, சார் இருக்காவளா?”

கேட்டது வாசலில் நின்ற ஒரு பெண். கேட்ட சத்தத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஒரு தாளை விழுங்கிவிட்டு நின்றது.

“இருக்காரு. இல்லாம காயல்பட்டினம் போயிருந்தாலும் இப்ப கேட்டிருக்கும்,” என்றாள் செல்வி.

தடுப்புக்குப் பின்னாலிருந்து கிருபாநிதியின் குரல் வந்தது. “சங்கு குளிக்கவரு மவ வந்திருக்கா. உள்ள அனுப்பு.”

“மூஞ்சியக்கூடப் பாக்காம எப்படி அண்ணாச்சி?”

“வீட்டுல கத்திக் கத்திப் பேசிப் பழகின தொண்ட. அப்பா வெறும் மூச்சுல கடலுக்குள்ள முங்குதவரு. இருபது வருஷம் முங்கினா காதுச்சவ்வு போயிரும். அவரு செவிடானாரு, பிள்ள ஒலிபெருக்கி ஆயிட்டு.”

அந்தப் பெண் வாயைப் பிளந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெயர் ஜெஸ்மி. எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் ஆண்டு. அப்பாவைப் பற்றிச் சொன்னது சரி. ரெண்டு காதும் போச்சு என்றாள். பிறகு ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள்.

விவகாரம் இதுதான். வகுப்பில் நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் ஒரே வேலை: சங்கு குளிப்பவர்களின் வாழ்க்கையைப் பற்றிக் கள ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். துறைத்தலைவர் டாக்டர் டேவிட்சன் நாற்பத்தொன்றையும் ஒரு சாப்ட்வேரில் போட்டுப் பார்த்தார். நாற்பது ஆய்வேடுகள் மனிதர்கள் எழுதியவை என்று அது சான்று தந்தது. ஜெஸ்மி எழுதியது மட்டும் தொண்ணூற்றொரு சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்றது.

“மூணு மணிக்கு பிரின்சிபால் ரூம்ல விசாரணை, சார். மிஷின் எழுதினதுதான்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா பூஜ்யம். கொச்சியில ஒரு ஆராய்ச்சி நிலையத்துல ஜனவரியிலருந்து பயிற்சிக்கு எடம் கெடச்சிருக்கு. திங்கக்கிழமைக்குள்ள மார்க் போய்ச் சேரணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

“நீ மிஷினத் தொட்டியா, தொடலியா?”

“தொட்டேன் சார். இங்கிலீஷ்லதான் குடுக்கணும்னாங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதி, தப்பத் திருத்தித் தான்னு கேட்டேன். திருத்திச்சு.”

“அது கூடாதுன்னு விதி இருக்கா?”

“விதியே இல்ல சார். ஒரு சார் தொட்டாலே பாவம்ங்காரு. இன்னொரு மேடம், தொடத் தெரியாதவளுக்கு வேல கெடைக்காதுங்காங்க. டேவிட்சன் சார் பாடக்குறிப்பே அதுலதான் எடுக்காரு.”

கிருபாநிதி சலித்துக்கொண்டார். “உண்ம பேசுத கட்சிக்காரி. நம்ம தொழிலுக்கே ஆவாது.”

கடிதத்தைச் செல்வி உரக்க வாசித்தாள். டேவிட்சன் எழுதியிருந்தார்: ‘சங்கு குளிப்பவர் ஒரே மூச்சில் பதினான்கு நிமிடம் நீருக்குள் இருப்பதாக நாற்பது மாணவர்களும் ஒருமனதாகப் பதிவு செய்துள்ளனர். இம்மாணவி மட்டும் சராசரி எழுபத்தெட்டு விநாடி என்கிறார். இவர் களத்துக்கே செல்லவில்லை என்பதும், இயந்திரம் கற்பனை செய்த எண்ணை அப்படியே எழுதியிருக்கிறார் என்பதும் தெளிவு.’

“பதினாலு நிமிஷமா?” என்றாள் செல்வி. “எங்க வீட்டுல முட்டையே பத்து நிமிஷந்தான் தண்ணிக்குள்ள கெடக்கும்.”

“பதினாலு நிமிஷம் உள்ள இருந்தான்னா அவன் சங்கு எடுத்துட்டு வரமாட்டான். அவனுக்குத்தான் சங்கு ஊதணும்.” கிருபாநிதி எழுந்தார். “நாப்பது பேரு சேந்து ஒரே தப்பச் செஞ்சா அதுக்குப் பேரு ஆராய்ச்சி. ஒருத்தி சரியாச் செஞ்சா அதுக்குப் பேரு மோசடி. இந்தப் பதினாலு எந்தத் துறைமுகத்துல எறங்கிச்சுன்னு கண்டுபிடிச்சாப் போதும். மத்தது தானா அவுந்துரும்.”

நாற்பது ஆய்வேடுகளும் செல்வியின் கம்ப்யூட்டரில் இருந்தன, அச்சடித்தவள் அவள்தானே. பசை தடவுவது இன்னும் பாக்கி, அதனால்தான் அவற்றை அவள் படித்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதினான்கு, பதினான்கு, பதினான்கு. ஆய்வேடுகளுக்குள் வேறுபாடே இல்லையா என்றால், இருந்தது. சாயர்புரம் பெனிஸ்டன் என்பவனுடைய ஆய்வேட்டில் சங்கு ‘சமய முக்கியத்துவம் வாய்ந்த நத்தை’ என்றும், கடல் ‘விசாலமான ஈரப்பரப்பு’ என்றும் ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டிருந்தன.

“இவன் ஏன் இப்படி எழுதுதான்?” என்றார் கிருபாநிதி.

“அவங்கிட்டயே கேளுங்க. அந்தா வாரான்.”

அட்டையை நீலத்திலிருந்து கறுப்புக்கு மாற்றச் சொல்ல வந்திருந்தான் பெனிஸ்டன். கிருபாநிதி அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். சுங்க இலாகாவில் அவர் ஸ்டூல் போட்டால் பெட்டிக்காரர்களுக்கு வியர்க்கும். இவனுக்கு வியர்க்கவில்லை, வியர்ப்பதற்கு, நாம் ஏதோ செய்திருக்கிறோம் என்ற நினைப்பாவது வேண்டும்.

“எத்தன பேரப் பேட்டி எடுத்த தம்பி?”

“முப்பது பேரு சார்.”

“ஒருத்தர் பேரச் சொல்லு.”

“பேரச் சொல்லக்கூடாது சார். எத்திக்ஸ்.”

“முப்பது பேருக்குமா?”

“முப்பது பேருக்கும் சார்.”

“என்னைக்குக் கடலுக்குப் போன?”

“ஞாயித்துக்கிழமை சார். மத்த நாள்ல கிளாஸ் இருக்கும்லா.”

செல்வி பசைத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் ஒரு தோணி இறங்காது. ஊரே பூசைக்குப் போய்விட்டு வந்து தூங்கும். இது மீனுக்குக்கூடத் தெரியும்.

“ஏலே, ஞாயித்துக்கிழம கடலுக்குப் போனா அங்கன நீயும் நெத்திலியுந்தான் இருப்பிய. நெத்திலியவா பேட்டி எடுத்த?”

பெனிஸ்டன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. எல்லாரும் மிஷின்கிட்டதான் கேட்டோம் என்றான். “நான் மட்டும் போயி வெயில்ல நின்னா என்ன நெனப்பாங்க? ஆனா எனக்கும் பயந்தான் சார். சாப்ட்வேரு இன்னைக்கு அவளப் புடிச்சிட்டு. நாளைக்கு யாரப் புடிக்கும்னு தெரியாது. அதான் மிஷின் எழுதினத மனுசன் எழுதின மாதிரி மாத்துததுக்குத் தனியா ஒரு ஆப் வெச்சிருக்கேன்.”

“சங்க நத்தையாக்கினது அதுதானா?”

“ஆமா சார்.”

“ஒரு மிஷின் எழுதுது. இன்னொரு மிஷின் அத மனுசனாக்குது. மூணாவது மிஷின் இது மனுசந்தான்னு கையெழுத்துப் போடுது. இதுல உனக்கு என்னய்யா வேல?”

பெனிஸ்டன் யோசித்தான். “பைண்டிங் சார்.”

கிருபாநிதிக்கு, அடியில் ரகசிய அறை இருக்கும் என்று நம்பித் திறந்த பெட்டியில் பெட்டியே இல்லாததுபோல் இருந்தது. பிறகு, பதினான்கு நிமிடத்துக்கு ஆதாரம் என்ன என்று அந்த மிஷினிடமே கேட்கச் சொன்னார். பெனிஸ்டன் போனில் தட்டினான். பன்னிரண்டு ஆதாரங்கள் வந்து விழுந்தன; தலைப்பும் வெளியீட்டு விவரமும்தான், எழுதியவர் பெயர் இல்லை.

செல்வி கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தேடினாள். முதல் புத்தகம் இல்லை. இரண்டாவது புத்தகமும் இல்லை, அதை வெளியிட்ட ஊரும் இல்லை. இப்படியே பதினொன்று. எல்லாம் பிறக்காத பிள்ளைகள். ஆனால் நல்ல பெயராகப் பார்த்து வைத்திருந்தது. பன்னிரண்டாவது மட்டும் இருந்தது: ஏதோ ஓர் ஆங்கில ஆராய்ச்சி இதழில் வந்த இரண்டு பக்கக் கட்டுரை. செல்வி அதைப் படிக்குமுன்பே பிரிண்ட் போடச் சொல்லி, கிருபாநிதி தாமே பிரிண்டரின் வாயில் நின்று தாளை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார்; மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பக்கத்தை மட்டும் செல்வியிடம் நீட்டினார்.

“முத பக்கத்துல என்ன அண்ணாச்சி?”

“எழுதினவன் பேரு. அது மூணு மணிக்கு. இப்பப் படத்தப் பாரு.”

மணலில் குந்தியிருக்கும் ஒரு கிழவர். கீழே, ‘மூத்த குளியாளி, திரேஸ்புரம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் பக்கத்தில் ஒரு பெரிய சங்கு. முன்னால் ஒரு தட்டு. படத்தின் கீழ்ப்பக்கம் நெடுகக் கறுப்பாக ஒரு பட்டை.

“இது நம்ம சிலுவைப் பாட்டால்லா,” என்றாள் செல்வி.

“தட்டுல பாரு.”

“ரெண்டு எலும்பு.”

“என்ன எலும்பு?”

செல்வி கண்ணருகே கொண்டுபோனாள். “கோழி. நாட்டுக்கோழி.”

“கெளம்பு,” என்றார் கிருபாநிதி.

செல்வியின் ஸ்கூட்டர் திரேஸ்புரத்தை அடையப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் சிலுவை உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது, வெள்ளைத் தாடி, கழுத்தில் செபமாலை, பக்கத்தில் அதே சங்கு. கடலைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ள ஊருக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவரைத்தான்; அதற்குமேல் யாரும் தேடுவதில்லை. மீன்வளம், சமூகவியல், குறும்படம், எல்லாவற்றுக்கும் ஒரே கவுண்டர்.

“பெரியவரே, சங்கு குளிக்கவங்க எம்புட்டு நேரம் மூச்சப் புடிப்பாங்க?” என்று கேட்டார் கிருபாநிதி.

சிலுவை அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். “நீரு என்ன கொண்டாந்திருக்கீரு?”

“ஒண்ணும் கொண்டாரல.”

“அப்ப எனக்குத் தெரியாதுவே.”

செல்வி போய் ஒரு டீ வாங்கிவந்தாள். சிலுவை ஒரு வாய் குடித்தார். “மூணு நிமிஷம்.”

செல்வி ஓர் உளுந்த வடை வாங்கிவந்தாள்.

“அஞ்சு. வட மொறுமொறுன்னு இருந்தா ஆறு.”

“பொரிச்ச பரோட்டா?” என்றார் கிருபாநிதி.

“ஒம்பது. ஒரு சுறாவும் வரும்.”

“பதினாலு?”

சிலுவை கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு பக்தி வந்தது. “அது பரோட்டாவும் நாட்டுக்கோழிச் சால்னாவும். என் ஆயுசுல ஒரே ஒருத்தருதான் வாங்கித் தந்தாரு. எட்டு ஒம்பது வருஷம் இருக்கும். கார விட்டு எறங்கல. ஏசி போயிரும்னு கண்ணாடிய நாலு வெரக்கட எறக்கினாரு. அந்தச் சந்துக்குள்ளயே கேட்டாரு, அந்தச் சந்துக்குள்ளயே போட்டோ புடிச்சாரு, போயிட்டாரு.”

படத்தின் கறுப்புப் பட்டை என்ன என்று செல்விக்கு அப்போதுதான் விளங்கியது. கார்க் கண்ணாடியின் விளிம்பு.

“இப்படிப் பொய் சொல்லுதியளே பாட்டா, பாவமில்லியா?”

“நான் எங்கனளா பொய் சொன்னேன்? கேக்கவன் மொகம் வாடக்கூடாதுன்னு ஒண்ணச் சொல்லுவேன். நாளைக்கு வந்து திரும்பக் கேட்டா வேற ஒண்ணச் சொல்லுவேன். இதுவரைக்கும் ஒருத்தனும் ரெண்டாந்தடவ கேட்டதில்ல.”

“இதத்தான் அண்ணாச்சி, இப்ப போனுக்குள்ள வெச்சு விக்காங்க,” என்றாள் செல்வி.

கிருபாநிதி அவளைத் தனியே அழைத்துக்கொண்டு ஐம்பது அடி தள்ளிப் போனார். விசைப்படகு ஒன்று இன்ஜினைப் போட்டு இருமிக்கொண்டிருந்தது, காற்று வேறு. அவர் செல்வியின் காதோரமாக முணுமுணுத்தார். “மூணு மணிக்கு இவரு காலேஜுக்கு வரணும். ஒரு ஆட்டோ சொல்லு.”

“ஆட்டோ வேண்டாம்வே,” என்றார் சிலுவை, வள்ளத்தின் நிழலிலிருந்து. “இடுப்பு தாங்காது. கார் சொல்லும்.”

கிருபாநிதியின் முகம் மலர்ந்தது. மர யானையைத் தட்டிய நாளில் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வாடகைக் கார் கேட்டதற்காகச் சிரிக்கிற ஆளில்லை அவர். செல்வி எவ்வளவு கேட்டும் காரணத்தைச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குப் பிரின்சிபால் ஜெயஷீலாவின் அறை நிறைந்துவிட்டது. டாக்டர் டேவிட்சன் கோட்டுப் போட்டு வந்திருந்தார். சாத்தான்குளத்து வாத்தியார் குடும்பம். மூன்று தலைமுறையாக அடுத்தவர் தப்பைத் திருத்தியே வளர்ந்த வம்சம். தங்களுக்கென்று ஒரு தப்பு வைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை. ஜெஸ்மி சுவரோரமாக நின்றாள். காலையில் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திய தொண்டை, ‘குட் ஆப்டர்நூன் மேடம்’ என்றபோது யாருக்கும் கேட்கவில்லை.

“இவங்க யாரு?” என்றார் டேவிட்சன்.

“பைண்டிங் கட, சார்,” என்றாள் செல்வி. “உங்க டாக்டர் பட்ட ஆய்வேட்டையும் நாந்தான் ரெண்டாந்தடவ ஒட்டினேன். அதுல பசை நிக்கவே மாட்டேன்னுட்டு.”

கிருபாநிதி சிலுவையைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். திரேஸ்புரத்துக்காரர், பதினான்கு நிமிடத்துக்கு இவர்தான் சாட்சி என்றார். டேவிட்சனுக்கு அந்த முகம் அடையாளம் தெரியவில்லை. நாலு விரற்கடைச் சந்து வழியாகப் பார்த்த முகம் எப்படித் தெரியும்? ஆனால் தாடியும் செபமாலையும் அவருக்குப் பிடித்துப்போயின. “மிகவும் நல்லது. ஒரு மூத்த குளியாளி. அவரிடமே கேளுங்கள் மேடம். அனுபவம் பொய் சொல்லாது.”

ஜெயஷீலா கேட்டார். அலுவலக உதவியாளர் அப்போதுதான் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தார். சிலுவை பிஸ்கட்டை நனைத்தார்.

“நாலு நிமிஷம், தாயே.”

டேவிட்சனின் புருவம் உயர்ந்தது. “வயசாயிட்டுது மேடம். ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

செல்வி பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பொரிச்ச பரோட்டா.

“ஒம்பது,” என்றார் சிலுவை.

கிருபாநிதி இரண்டாவது பொட்டலத்தின் நூலைத்தான் அவிழ்த்தார். நாட்டுக்கோழிச் சால்னாவின் மணம் பிரின்சிபால் மேசையைத் தாண்டியது.

“பதினாலு. சத்தியமாப் பதினாலு.”

ஜெயஷீலா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “என்ன சார் நடக்குது இங்க?”

“விலைப்பட்டியல் மேடம். நாப்பது பிள்ளையளும் கடலுக்குப் போகல, மிஷின்கிட்ட கேட்டுச்சு. மிஷினும் கடலுக்குப் போகல, ஒரு கட்டுரையப் படிச்சிட்டுச் சொல்லிச்சு. கட்டுரை எழுதினவரும் கடலுக்குப் போகல. கார்ல இருந்தபடியே கோழி வாங்கிக் குடுத்து இவர்ட்ட கேட்டாரு.” சட்டைப்பையிலிருந்து முதல் பக்கத்தை எடுத்து விரித்துவைத்தார். “எழுதினவரு பேர நீங்களே வாசிங்க.”

ஜெயஷீலா வாசித்தார். பிறகு நிமிர்ந்து டாக்டர் டேவிட்சனைப் பார்த்தார்.

செல்வி மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பது பேருடைய ஆய்வேட்டிலும் இந்த மனிதருடைய பொய்தான் இருந்திருக்கிறது. தன்னுடைய பொய் நாற்பது கைகளில் திரும்பி வந்ததும், நாற்பது சாட்சி கிடைத்துவிட்டதாக நினைத்து, பொய் சொல்லாத ஒருத்தியைப் பிடித்துக்கொண்டார்.

டேவிட்சன் தோற்கிற குடும்பத்தில் பிறக்கவில்லை. “அது சர்வதேச இதழ். மூன்று நிபுணர்கள் படித்து அங்கீகரித்த கட்டுரை. கோழி கொடுத்தது உபசாரம். இந்தப் பெரியவர் நாற்பது வருஷம் கடலில் குளித்தவர். பசியில் எண் முன்னே பின்னே ஆகலாம். அதற்காக அவர் அனுபவத்தையே மறுக்க இந்தப் பெண் யார்?”

கிருபாநிதி எழுந்து போய் ஜன்னலோரம் நின்று, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல் மெல்லக் கேட்டார். “சால்னால உப்பு எப்படி இருக்கு பெரியவரே?”

“கம்மி,” என்றார் சிலுவை.

கிருபாநிதி திரும்பினார். “ஜெஸ்மி, உங்க அப்பாகிட்ட இந்த மாதிரி கேட்டா என்ன சொல்லுவாரு?”

“அவருக்குக் கேக்காது சார். பக்கத்து வீட்டுக்காரங்கதான் வந்து பதில் சொல்லுவாங்க.”

“அவ்வளவுதான் மேடம். வெறும் மூச்சுல நாப்பது வருஷம் முங்கினவனுக்கு இடி விழுந்தாக்கூட யாராவது சொல்லித்தான் தெரியணும். இந்தக் காது ஐம்பது அடிக்கு அங்கன, படகு இன்ஜின் சத்தத்துல நான் முணுமுணுத்ததக் கேட்டுது. கடல்தண்ணி படாத காது.”

ஜெயஷீலா சிலுவையிடம் திரும்பினார். “ஐயா, நீங்க எத்தன வருஷம் சங்கு குளிச்சிய?”

“நானா?” சிலுவை எலும்பை வாயிலிருந்து எடுத்தார். “எனக்கு நீச்சலே தெரியாது, தாயே. முப்பது வருஷம் ஐஸ் கம்பெனியில கட்டி ஒடச்சேன்.”

“அந்தச் சங்கு?”

“திருச்செந்தூர் கடையில வாங்கினது.”

“அப்ப ஏன் சொன்னிய?”

“கேட்டாரு. கார்ல வந்து கேட்டாரு, பாவம்.”

அதற்குள் ஜெஸ்மி முன்னால் வந்திருந்தாள். “மேடம், நான் யாரையும் கேக்கல,” என்றாள். தொண்டை திரும்பி வந்துவிட்டது. வெளி வராந்தாவில் போனவர்கள் நின்றார்கள். “அப்பா தோணியில ஆறு நாள் போனேன். பொம்பளப் பிள்ள ஏறினா சங்கு கெடைக்காதுன்னு மத்தவங்க சொன்னாங்க, அப்பாவுக்குக் கேக்கல. நூத்திப் பன்னெண்டு முங்கு. ஒவ்வொரு முங்குக்கும் வாட்ச் வெச்சு எழுதினேன்.”

பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். உப்புப் பூத்து, அப்பளம்போல் விறைத்திருந்த தாள்கள். அழுக்கான தாள்களை ஆதாரமாக ஏற்க முடியாது என்று டேவிட்சன் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்திருந்தார். ஜெயஷீலா ஒரு தாளைத் தடவினார். விரலில் உப்பு ஒட்டியது.

“ஆக அதிகம் எவ்வளவு?”

“நூத்தி ஆறு விநாடி, மேடம். அன்னைக்கு அப்பாவுக்கு மூக்குல ரத்தம் வந்துது. அதயும் எழுதியிருக்கேன், அறுபத்தேழாம் பக்கம். இங்கிலீஷ் மட்டுந்தான் மிஷின் திருத்தினது. மூச்சு எங்க அப்பாவோடது.”

ஜெயஷீலா அறுபத்தேழாம் பக்கத்தைத் தேடி எடுத்து, நின்றபடியே வாசித்து முடித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். ஜெஸ்மியின் மார்க் இன்றைக்கே கொச்சிக்குப் போக வேண்டும். நாற்பது ஆய்வேடுகளும் திரும்பக் கொடுக்கப்படும். திங்கள் முதல் சனிவரை நாற்பது பேரும் தோணியேறிப் போய் வாட்ச் வைத்து எழுதிவர வேண்டும். டாக்டர் டேவிட்சன் முதல் தோணியில் முன்னால் உட்கார்ந்து வழிநடத்துவார்.

“மேடம், எனக்குக் கடல்…” என்று ஆரம்பித்தார் டேவிட்சன்.

“பயப்படாதிய சார்,” என்றாள் செல்வி. “தோணியில எறக்குததுக்குக் கண்ணாடியே கெடையாது.”

நாலேகாலுக்கு மார்க் கொச்சிக்குப் போனது. நாலரைக்கு, ‘வந்து சேர்ந்தது, இடம் உறுதி’ என்று பதிலும் வந்தது. ஜெஸ்மி கல்லூரி வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டு, “கெடச்சிட்டுப்பா” என்று கத்தினாள். “என்னதுளா?” என்றார் அவர். அவள் திரும்பக் கத்தினாள். ஐந்தாவது தடவை கத்தியபோது திரேஸ்புரத்தில் அவர்களுடைய தெருவே எழுந்துவந்து அவருக்கு எடுத்துச் சொன்னதாகக் கேள்வி. கிருபாநிதி யாரையும் வாழ்த்தவில்லை. சிலுவை மிச்சம் வைத்த பரோட்டாவைப் பிய்த்துத் தின்றபடி, நாற்பத்தொரு பேரில் ஒருத்தி என்பது இந்தக் காலத்துக்கு நல்ல மகசூல்தான் என்று மட்டும் செல்வியிடம் சொன்னார்.

விசாரிக்க வருகிறவர்கள் கவனத்துக்கு: அந்த வியாழக்கிழமை, மூன்று நாளாக விடாமல் பெய்த மழை காரணமாகத் தூத்துக்குடி மாவட்டத்தில் எந்தக் கல்லூரியும் திறக்கவில்லை.